நாலாம் பக்கம்

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் யோகராணியின் அழைப்பை வசந்தமலர் எடுக்காமலே விட்டிருப்பாள். கையில் வேறு வேலை இருந்தது. மூன்றாவது தடவையும் மணி அடித்த பிறகுதான் எடுத்தாள்.

“அக்கா, ஆபீஸ் மொறையா கேக்கல. சும்மா ஒரு சந்தேகம்,” என்றாள் யோகராணி. ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். ஈஸ்ட் டாமாக்கியில் மருத்துவப் பொருட்களை வீடுவீடாக அனுப்பும் ஒரு கம்பெனியில் தொலைபேசி அழைப்புகளைக் கவனிப்பது அவள் வேலை. “மனுரேவாவுல ஒரு அம்மா. மெலேன்னு பேரு. கிட்னி கெட்டவங்க வயித்துல விடுற டயாலிசிஸ் தண்ணிப் பெட்டி வரலன்னு மூணு வாட்டி கூப்புட்டாங்க. புது சிஸ்டத்துல அவங்க பேரையே காணோம்.”

“பேரைப் பிழையா அடிச்சிருப்பீங்கள்.”

“எல்லா மாதிரியும் அடிச்சுப் பாத்துட்டேன்க்கா. மூணு வருஷமா நம்மகிட்ட வாங்குறவங்க.”

வசந்தமலர் கையிலிருந்த வேலையை வைத்தாள். “அவவின்ர முழுப்பேரில எத்தனை எழுத்து இருக்கு? ஒருக்கா எண்ணிச் சொல்லுங்கோ.”

யோகராணி வாய்க்குள் எண்ணினாள். “முப்பத்தொண்ணு. ஏன்க்கா?”

ஏன் என்று வசந்தமலருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாகவே தெரிந்திருந்தது.

அந்த மருத்துவப் பொருள் கம்பெனிக்குப் புதிய கணினி அமைப்பைச் செய்துகொடுத்தது வசந்தமலரின் குழு. குழு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவள், சேலத்திலிருந்து வேலை விசாவில் வந்திருந்த மதன்குமார், மேலே மேலாளர் கிரேம். அவ்வளவுதான். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் பழைய அமைப்பு திகதிகளைக் குழப்பிவிடும் என்று ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த காலம். வேலை குவிந்து கிடந்தது. கிரேம் ஒரே நேரத்தில் ஐந்து வாடிக்கையாளர்களோடு மாரடித்துக்கொண்டிருந்தான். அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை எந்த நிலையில் இருக்கிறதென்று வசந்தமலர் ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதற்பக்கத்தில் ஒரு நிறம். பச்சை என்றால் எல்லாம் சரி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் நிறுத்து.

பத்து மாத வேலையில் அவள் ஒரு தடவைகூடச் சிவப்புப் போடவில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவள், இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய பிறகு கிடைத்த வேலை இது. தன் ஆங்கிலத்தில் யாரும் குறை கண்டுவிடக் கூடாதென்று ஆறு ஏழு பக்கத்துக்கு எழுதுவாள். ஒன்றையும் விடமாட்டாள். அலுவலகத்தில் அவளுக்கு நல்ல பெயர்தான். ‘வாஸ்’ என்று கூப்பிட்டார்கள். முழுப்பெயரைச் சொல்ல யாருக்கும் நா வளையவில்லை.

ஜூன் பத்தொன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை, பழைய அமைப்பிலிருந்து நோயாளிகளின் விபரங்களைப் புதியதற்கு மாற்றிப் பரிசோதித்தபோது பதினேழு பேர் வெளியே நின்றார்கள். புதிய அமைப்பில் பெயருக்கு இருபத்துநாலு ஆங்கில எழுத்துத்தான் இடம். அதற்கு மேற்பட்ட பெயர்களை மதன்குமார் எழுதிய நிரல் சத்தமில்லாமல் ஒரு தனிக் கோப்பில் ஒதுக்கி வைத்துவிட்டது. கிட்டத்தட்ட எல்லாம் தொங்கா, சமோவாத் தீவுகளிலிருந்து வந்த ஆட்களின் நீளப் பெயர்கள்.

அன்று மதன்குமார் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: “எல்லாம் முடிஞ்ச மாதிரிதான்க்கா. ஒரு பதினேழு ரெக்கார்டு மட்டும் கையால பாக்க வேண்டியிருக்கும்.” இதைப் பெரிதாகச் சொன்னால் வேலை போகும், வேலை போனால் விசா போகும் என்பது அவன் பயம். அவன் மென்மையாகச் சொன்னதை அவள் இன்னும் மென்மையாக்கி எழுதினாள். ‘சிறுதொகைப் பதிவுகள் (17) மாற்றத்துக்குப் பின் கையால் சரிபார்க்கப்பட வேண்டியிருக்கலாம்.’ நாலாம் பக்கத்தில், அச்சுப்பொறிக் கோளாறுக்கும் பயிற்சிக் கையேட்டுக்கும் இடையில். முதற்பக்கத்தில் பச்சை.

கிரேம் முதற்பக்கத்தை மட்டும் வாடிக்கையாளருக்கு அனுப்பினான். பத்து நாள் கழித்துத் திங்கட்கிழமை புதிய அமைப்பு ஓடத் தொடங்கியது. கிரேம் பார்த்துக்கொள்வான் என்று அவள் இருந்தாள். அக்கா சொல்லியிருப்பாள் என்று மதன்குமார் இருந்தான். பச்சைதானே என்று கிரேம் இருந்தான். அடுத்த வாரமே மூவருக்கும் வேறு வேலை வந்து தலையில் ஏறிக்கொண்டது.

பதினேழு பேருக்கு மூன்று வாரமாக ஒரு பெட்டியும் போகவில்லை.

வசந்தமலர் யோகராணியிடம் விலாசத்தை வாங்கிக்கொண்டு, மதன்குமாரின் மேசைக்குப் போய், “எழும்பு. கார்த் திறப்பை எடு,” என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் திறப்பை எடுத்துக்கொண்டு எழுந்தான். வழியில் மருத்துவப் பொருள் கிடங்கின் பின்வாசலில் யோகராணி கையெழுத்துப் போட்டு எடுத்துவைத்த ஆறு பெட்டிகளைக் காரில் ஏற்றினார்கள். மழை பெய்துகொண்டிருந்தது.

மெலேயின் வீடு வசந்தமலரின் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தது. தினமும் அந்த வழியால்தான் மகள் பிரணவியைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள். கதவைத் திறந்த மெலேக்கு ஐம்பது வயதிருக்கும். கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் துணி சுற்றியிருந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கினாள். ஒரு நாளைக்கு நாலு திரவப் பை மாற்ற வேண்டியவள், இருப்பதை நீட்டிப் பிடிக்க இரண்டாகக் குறைத்து, பிறகு ஒன்றாகக் குறைத்து, நேற்றோடு அதுவும் முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

“நீங்கள் அவசரம் என்று சொல்லியிருக்கலாமே,” என்றாள் வசந்தமலர். கேட்ட பிறகுதான் தன் வாயைத் தானே பொத்திக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

“உங்களுக்கெல்லாம் நிறைய வேலை இருக்கும்,” என்றாள் மெலே. “அந்தப் பிள்ளை போனில் மிகவும் மரியாதையாகப் பேசினாள். கரைச்சல் கொடுக்க விருப்பமில்லை.”

பெட்டிகளை இறக்கிவைத்த மதன்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வசந்தமலர் அந்த வீட்டுத் தொலைபேசியிலேயே அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அதில் மெலேயை ஏற்றும்போது அவள் இவர்கள் இருவருக்கும் நன்றி சொன்னாள். அந்த நன்றியை வசந்தமலரால் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் நேரே கிரேமின் அறைக்குப் போனாள். ஈரக் கோட்டோடு நின்றபடியே சொல்லிமுடித்தாள்.

கிரேமின் காது சிவந்தது. “இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை, வாஸ்?”

“சொன்னேன். ஜூன் பத்தொன்பதாம் திகதி அறிக்கையில் இருக்கிறது. நாலாம் பக்கம்.”

அவன் அலமாரியிலிருந்து கோப்பை இழுத்து, நாலாம் பக்கத்தைத் தேடி, அந்த வரியை விரலால் தொட்டு இரண்டு தடவை வாசித்தான். “நாலாம் பக்கத்தில் எழுதினால் அது சொன்னதாகாது,” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு கதவைச் சாத்தினான். “வெளியில் யாருக்கும் வேண்டாம். மிச்சம் பதினாறு பேரையும் கண்டுபிடியுங்கள், பெட்டியைக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை அறிக்கையில் ஒரு பிரச்சினை வந்தது, தீர்த்தாகிவிட்டது என்று எழுதுவோம்.”

அவளுக்கும் அந்த நேரம் அதுதான் நல்லதாகப் பட்டது. தீர்த்துவிட்டுச் சொல்லலாம். அந்த ஆசையில் மூன்று நாள் போயிற்று.

புதனும் வியாழனும் அவளும் மதன்குமாரும் பட்டியலை வைத்துக்கொண்டு அலைந்தார்கள். ஒட்டாரா, மாங்கெரே, பாப்பாடோடோ என்று நகரின் தென்புறமெல்லாம். சிலர் தேவாலயத்தில் தெரிந்த இன்னொரு நோயாளியிடம் பைகளைக் கடன் வாங்கிச் சமாளித்திருந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சண்டை பிடித்து வாங்கியிருந்தார். இரண்டு பேரை இவர்களே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வாசலிலும் வசந்தமலர் மன்னிப்புக் கேட்டாள். எதற்கென்று முழுதாகச் சொல்லவில்லை. ‘கணினிக் கோளாறு’ என்றாள். கணினி ஏதோ தன்பாட்டில் கெட்டுப்போனது போல.

வியாழன் பின்னேரம் வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்தவள் கோட்டைக் கழற்றவில்லை. கணவன் தியாகலிங்கம் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான்.

“நீ எழுதினனிதானே மலர்,” என்றான். “எழுத்தில இருக்கு. வாசிக்காதது அவன்ர பிழை. உன்னில ஒருத்தரும் கை வைக்கேலாது.”

“ஓம்,” என்றாள். “அதுக்குத்தானே எழுதினனான்.”

அவனுக்கு அது விளங்கவில்லை. பிரணவி வீட்டுப்பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தி, “ஆர் யூ ஓகே, அம்மா?” என்றாள். வசந்தமலர் ஒரு தாளை எடுத்துத் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பார்த்தாள். வசந்தமலர் தியாகலிங்கம். இடைவெளியோடு இருபத்தேழு. அவள் செய்த அமைப்பில் அவளுக்கே இடமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதின்மூன்று பேர் கிடைத்திருந்தார்கள். நாலு பேர் இல்லை. இரண்டு தொலைபேசி எண்கள் செத்துப்போயிருந்தன. ஒரு வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. இன்னொரு வீட்டில் நாய் மட்டும் குரைத்தது. சிறுநீரகப் பிரிவுத் தாதிமாருக்கு இவர்கள் இருக்கும் இடம் தெரிந்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரி இவளிடம் நோயாளி விபரம் சொல்லாது. மருத்துவப் பொருள் கம்பெனியின் செயல்பாட்டு மேலாளர் ஜில் கேட்டால்தான் சொல்லும். ஜில்லிடமோ யாரும் இன்னும் மூச்சுவிடவில்லை.

ஒரு மணிக்கு வசந்தமலர் ஜில்லின் காரியதரிசியை அழைத்தாள்.

“கூட்டத்தில் இருக்கிறார். மூன்று மணி வரைக்கும். முடிந்ததும் நேரே டௌப்போவுக்கு லீவில் போகிறார், திங்கட்கிழமைதான் வருவார்.”

“மிகவும் அவசரம்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்,” என்றாள் அந்தப் பெண், அலுப்போடு. “ஒன்று செய்யுங்கள். ஃபேக்ஸ் அனுப்புங்கள். ஒரு பக்கம். உள்ளே கொண்டுபோய் அவர் முன்னால் வைக்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் பார்க்க மாட்டார்.”

வசந்தமலர் கணினி முன்னால் உட்கார்ந்தாள். கை தன்பாட்டுக்குப் பழகிய வழியில் போனது. ‘அண்மையில் நடைபெற்ற தரவு மாற்றத்தைத் தொடர்ந்து அடையாளம் காணப்பட்டுள்ள சில...’ அழித்தாள். ‘இதை அறியத்தருவதில் வருத்தமடைகிறோம்...’ அழித்தாள். ‘பதினேழு பதிவுகளில் பதின்மூன்று வெற்றிகரமாக...’ வெற்றிகரமாக என்ற சொல்லைப் பார்த்ததும் முழுவதையும் அழித்தாள். மணி ஒன்று முப்பத்தைந்து. ஓர் ஆளை அசைக்கும்படி ஆங்கிலத்தில் ஒரு வசனம் எழுதத் தெரியாமல் இருந்தாள். மேசையில் தலையை வைத்தாள்.

மதன்குமார் பக்கத்தில் வந்து நின்றான். இரண்டு நாளாக அவன் சவரம் செய்யவில்லை. “அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா?”

“சொல்லு.”

“நாம பதிவு பதிவுன்னே எழுதுறோம். ஒதுக்குன ஃபைலைப் பாத்தப்ப எனக்கும் வெறும் பதினேழு லைனாத்தான் தெரிஞ்சது. அந்தம்மாவோட காலைப் பாத்தப்பதான்...” கணினித் திரையைச் சுட்டினான். “பேரைப் போடுங்கக்கா. மொதல்லயே. நாலு பேரையும்.”

அவள் எழுதினாள். நாலு பெயர்கள், ஓர் எழுத்தும் குறையாமல், வயதோடு. அதற்குக் கீழே:

‘இந்த நாலு பேருக்கும் ஜூன் 29 முதல் டயாலிசிஸ் திரவம் அனுப்பப்படவில்லை. எங்கள் மென்பொருள் இவர்களுடைய பெயர்களை விட்டுவிட்டது. இது நடக்கக்கூடும் என்று எங்களுக்கு ஜூன் 19 அன்றே தெரியும். இவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரித் தாதியிடம் கேட்க உங்களால் மட்டும் முடியும். இன்று, இப்போது, கேளுங்கள். இன்னும் பதின்மூன்று பேருக்கும் இதேதான் நடந்தது. அவர்களைக் கண்டுபிடித்துவிட்டோம், மூன்று பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். நான் இந்தத் தொலைபேசியை விட்டு எழும்ப மாட்டேன்.’

கீழே தன் முழுப்பெயரும் எண்ணும். நிறம் ஒன்றும் போடவில்லை.

ஃபேக்ஸ் இயந்திரத்தடியில் கிரேம் நின்றான். அவள் நீட்டிய தாளை வாங்கி வாசித்தான். “பத்தொன்பதாம் திகதி வரியை எடுத்துவிடு,” என்றான். “மிச்சம் அப்படியே போகட்டும். அது ஒன்றை மட்டும்.”

“அதை எடுத்தால் இது வழக்கமான கோளாறு போல் இருக்கும், கிரேம். அவர் திங்கட்கிழமை பார்க்கலாம் என்று நினைப்பார்.”

“இது போனால் இந்தக் கம்பெனி முடிந்தது. உனக்கு விளங்குகிறதா? நீ, நான், அந்தப் பையன், எல்லாரும்.”

வசந்தமலருக்குப் பிஸ்கட் தொழிற்சாலையின் ஓடும் பட்டியும் காதைப் பிளக்கும் இரைச்சலும் நினைவில் வந்தன. வீட்டுக் கடனும் வந்தது. “விளங்குகிறது,” என்றாள். “தாளைத் தாருங்கள்.”

கிரேம் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். பிறகு இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

தாள் உள்ளே போனது ஒன்று ஐம்பத்திரண்டுக்கு. இரண்டு மணி மூன்று நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தது. ஜில் தன்னைக்கூட அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. “கடைசியாகப் பார்த்த விலாசங்களைச் சொல்,” என்றாள். மதன்குமார் பட்டியலைப் பிடித்துக்கொள்ள வசந்தமலர் வாசித்தாள். தன் குரல் தனக்கே கேட்காத மாதிரி இருந்தது.

மூன்று மணிக்குள் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருத்தி ஹமில்டன் நகரத்தில் தங்கையோடு இருந்தாள். அங்குள்ள ஆஸ்பத்திரி பைகள் கொடுத்திருந்தது. இன்னொருவர் ஏற்கெனவே வார்டில். மூன்றாவது ஆளை மூன்றரைக்கு அவருடைய பாதிரியார் மூலம் பிடித்தார்கள். நாலாவது, சியோனே என்ற அறுபத்தொரு வயதுக்காரர். ஜூன் கடைசியில் மனுரேவாவிலிருந்து நகரின் மறுகோடியிலுள்ள மாசி என்ற இடத்துக்கு வீடு மாறியிருந்தார். தனி ஆள். தொலைபேசி இல்லை. ஒரு தாதி தன் காரிலேயே மோட்டார்வேயில் அங்கே போனாள். ஐந்தேகாலுக்கு ஜில் மறுபடி அழைத்தாள்.

“கண்டுபிடித்தாயிற்று. சோபாவில் கிடந்திருக்கிறார். நினைவில்லை. உயிர் இருக்கிறது.”

வசந்தமலர் தொலைபேசியை வைத்தாள். மதன்குமார் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான், “இருக்காரா அக்கா?” தலையாட்டினாள். அவன் கீழே, மேசைக்கடியில், கம்பளத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

மெலே பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். சியோனே ஒன்பதாம் நாள் இறந்துபோனார். இதயம் ஏற்கெனவே பலவீனம், தொற்றும் இருந்தது என்று மருத்துவர் எழுதினார். பைகள் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் சொல்லவில்லை. பிழைத்திருக்க மாட்டார் என்றும் யாரும் சொல்லவில்லை.

ஒக்டோபரில் நகரத்தில் ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடியில் சியோனேயின் மரணம் பற்றிய விசாரணை நடந்தது. கிரேம் அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டான். மதன்குமார், கம்பெனி வழக்கறிஞர் எழுதிக் கொடுத்ததை வாசிக்காமல், நிரல் தன்னுடையது, தான் பெரிதாகச் சொல்லாதது பயத்தால் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான். வசந்தமலரின் முறை வந்தபோது விசாரணை செய்த பெண் வழக்கறிஞர் ஜூன் பத்தொன்பதாம் திகதி அறிக்கையை அவள் முன் வைத்தாள். நாலாம் பக்கத்தில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தது.

“இந்த வரி, யார் வாசிப்பதற்காக எழுதப்பட்டது?”

வசந்தமலரின் கம்பெனி வழக்கறிஞர், மேலாளர் வாசிப்பதற்காக என்று சொல்லச் சொல்லியிருந்தார். வசந்தமலர் அந்த வரியைப் பார்த்தாள். அன்று அதை அடித்த நேரம் ஞாபகம் வந்தது. எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானதும் ஞாபகம் வந்தது.

“ஒருவருக்காகவும் இல்லை,” என்றாள். “பிறகு யாராவது கேட்டால் காட்டுவதற்காக எழுதினேன்.”

அறையில் யாரோ தாள் புரட்டுவது கேட்டது. வழக்கறிஞர் எதையோ குறித்துக்கொண்டு, போகலாம் என்றாள்.

வெளியே நடைபாதையில் சுவரோரம் கிடந்த நீள வாங்கில் ஒரு பெண் இருந்தாள். பெரிய உடம்பு, கறுப்புச் சட்டை, இடுப்பைச் சுற்றி ஓலைப்பாய். தொங்கா ஆட்கள் துக்கத்துக்குக் கட்டுவது. வசந்தமலரைக் கண்டதும் எழுந்தாள்.

“நான் சியோனேயின் அக்கா,” என்றாள். “நீதானே அந்தக் கம்பெனி ஆள்? உள்ளே பேசுவது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்று மட்டும் சொல். உங்களுக்கு எப்போது தெரியும்?”

பின்னால் வந்த கம்பெனி வழக்கறிஞர் வசந்தமலரின் முழங்கையைத் தொட்டார், பேச வேண்டாம் என்பதற்காக.

“ஜூன் பத்தொன்பதாம் திகதி,” என்றாள். “வெள்ளிக்கிழமை. காலையில். பெட்டி நிற்பதற்குப் பத்து நாள் முன்னுக்கே தெரியும். நான் சத்தமாகச் சொல்லவில்லை.”

அந்தப் பெண் ஓர் அடி கிட்ட வந்தாள். அடிப்பாள் என்றுகூட வசந்தமலருக்குத் தோன்றியது. அடித்தால் நல்லது என்றும் தோன்றியது.

“மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்,” என்றாள் அந்தப் பெண். “இன்றைக்குத்தான் ஒரு திகதி கிடைத்தது.” பையைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து, சுவரில் வைத்து, அந்தத் திகதியை மெதுவாக எழுதினாள். எழுதிய காகிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, லிப்டுக்கு நிற்காமல் படிகளால் இறங்கிப் போனாள்.